வாயில்லா ஜீவன் மீது ஓங்கும் கை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரி ஃபோனில் மஸ்அலா கேட்டார். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். "ஹஜ்ரத், வீட்டில் வளர்க்கிற பூனையை வெளியே கொண்டுபோய் விட்டால் குற்றமா?" ஏன் விடவேண்டும் என்று கேட்டேன். "அவருக்குக் கோபம் வந்தால் அதை எட்டி உதைக்கிறார். போன வாரம் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டார்" என்றார்.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் சென்ற ஹதீஸைச் சொன்னேன். உணவு கிடைக்கும் இடமாகப் பார்த்து விடுங்கள், குற்றமில்லை என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தியில் ஃபோனை வைத்துவிட்டேன்.

பல மாதங்கள் கழித்து அவருடைய தகப்பனார் குலா பற்றிக் கேட்கப் பள்ளிவாசலுக்கு வந்தார். பேச்சில் அந்தப் பூனையும் வந்தது. அந்த வீட்டில் உதை வாங்கியது பூனை மட்டுமல்ல என்று அன்றுதான் புரிந்தது. தன்னைப் பற்றிச் சொல்ல நா எழாததால் அவர் பூனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "உங்களையும் அடிக்கிறாரா அம்மா?" என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அடிக்குத் தப்பிக் காப்பகம் வந்த பெண்களிடம் ஃபிராங்க் அசியோன் என்ற பேராசிரியர் 1990களில் விசாரித்தார். சிறிய ஆய்வுதான். ஆனால் பிராணி வளர்த்த பெண்களில் பத்துக்கு ஏழு பேர், தம் துணைவர் அதைத் துன்புறுத்தினார் அல்லது துன்புறுத்துவேன் என்று மிரட்டினார் என்றார்கள். பிராணியை அடிக்கும் ஒவ்வொருவரும் மனைவியை அடிப்பவர் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் அடிக்கடி சேர்ந்திருக்கின்றன. ஏன்?

"கோபத்தில் கை நீண்டுவிட்டது ஹஜ்ரத்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் எத்தனை பேர் உங்களை இடித்துத் தள்ளுகிறார்கள்! அடையாறு சிக்னலில் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார். ஆபீஸில் மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். அங்கெல்லாம் வராத கோபமா? வருகிறது, ஆனால் கை நீளுவதில்லை. வீட்டுக்குள் வந்ததும் நீளுகிறது. அப்படியானால் கையை நீட்ட வைப்பது கோபம் மட்டுமல்ல. "இவர்கள் என்னை என்ன செய்துவிட முடியும்?" என்ற எண்ணமும்தான். பூனை புகார் கொடுக்காது. மனைவி கொடுக்கமாட்டாள் என்று அவர் நம்புகிறார். அதோடு, அவள் ஆசையாய் வளர்ப்பதை அவள் கண்ணெதிரே உதைப்பது, அடுத்தது நீ என்று சொல்லாமல் சொல்வதுதான்.

அபூமஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோபத்தில் அது யார் குரல் என்றே தெரியவில்லை. அருகில் வந்தபோது பார்த்தால், நபி (ஸல்) அவர்கள்! இவர் மீது உமக்கிருக்கும் சக்தியைவிட உம் மீது அல்லாஹ்வுக்கு அதிக சக்தி இருக்கிறது என்றார்கள். கையிலிருந்த சாட்டை விழுந்தது. முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. கோபத்தைப் பற்றி நபியவர்கள் அங்கே பேசவில்லை. சக்தியைப் பற்றிப் பேசினார்கள்.

புகாரியில் இன்னொரு ஹதீஸ்: ஆண் ஒட்டகத்தை அடிப்பதுபோல் மனைவியை அடித்துவிட்டு, பிறகு அவளையே எப்படி அணைக்கிறீர்கள் என்று நபியவர்கள் வெட்கப்படும்படி கேட்டார்கள். நாம் இன்று பேசும் இரண்டையும் அவர்களே ஒரே வாக்கியத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

"பெண்ணையும் மிருகத்தையும் சமமாக்குகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அவள் மனுஷி. நிக்காஹ்வை அல்லாஹ் உறுதியான உடன்படிக்கை என்கிறான். அடிவாங்கும் இருவரும் சமமில்லை. ஓங்கும் கை ஒன்றுதான்.

"அந்நிஸா 34-வது வசனத்தில் அனுமதி இருக்கிறதே?" என்பவர்களும் உண்டு. அந்த வசனத்தின் முடிவையும் ஓதுங்கள். அல்லாஹ் மிக உயர்ந்தவன், மிகப் பெரியவன் என்று முடிகிறது. காரணமின்றி மனைவிக்கு அநீதி செய்யும் ஆண்களுக்கு அது எச்சரிக்கை என்கிறார் இப்னு கஸீர். தாபிஈன்களில் பெரிய அறிஞரான அதாஃ அவர்கள், மனைவி சொல் கேட்காவிட்டாலும் கணவன் அடிக்கமாட்டான், கோபித்துக்கொள்வான், அவ்வளவுதான் என்றார்கள். இந்த வசனம் இறங்கப்பெற்ற நபியவர்களோ தம் கையால் எதையும் அடித்ததில்லை, ஒரு பெண்ணையோ பணியாளரையோ கூட. அல்லாஹ்வின் பாதையில் போர்க்களத்தில் தவிர. சொல்பவர் அன்னை ஆயிஷா (ரலி). அரபியில் அவர்கள் சொன்ன சொல் 'ஷைஅன்': எதையும்! யாரையும் என்று மட்டும் அல்ல.

2016 ஜூலையில் நம் சென்னைப் புறநகரில் ஒரு மருத்துவ மாணவர் நாயை மொட்டை மாடியிலிருந்து வீசினார். உடனிருந்தவர் படம் பிடித்தார். வீடியோ பரவியது, ஊரே கொதித்தது, கைது நடந்தது. எலும்பு முறிந்தும் அந்த நாய் பிழைத்துக்கொண்டது. கொதித்தது சரிதான். ஆனால் பூட்டிய கதவுக்குள் நடப்பதற்கு வீடியோ கிடையாது.

பிராணிகள் வதைத் தடைச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். பெண்களுக்கான குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல்தான் வந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் சொல்பவர் வாய் திறந்தால்தானே!

ஆகவே சகோதரிகளே, கணவர் அடிப்பதை வெளியே சொல்வது புறம் பேசுவதாகாது. அநீதி இழைக்கப்பட்டவர் நியாயம் கேட்டுச் சொல்வது ஆகுமானது என்று இமாம் நவவி எழுதியிருக்கிறார்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள், ஜமாஅத்தில் சொல்லுங்கள், 181 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களே, மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதுபோல, வேலைக்காரரிடமும் தெரு நாயிடமும் அவர் எப்படி நடக்கிறார் என்றும் விசாரியுங்கள். வீட்டுப் பிள்ளை பூனையின் வாலை முறுக்கினால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அதை எங்கே பார்த்துக் கற்றது என்று கேளுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, என்னைப் போன்ற இமாம்களே, யாராவது பூனையைப் பற்றிக் கேட்டால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளைவிட்டு எங்கள் வீட்டார் பாதுகாப்புப் பெறும்படி செய்வாயாக! எளியோர் மீது எங்கள் உள்ளங்களில் இரக்கத்தைத் தருவாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.