தோட்டப் பள்ளியும் பெற்றோர் கடனும்

மலேசியாவில் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கம் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை. லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் சிரம்பானிலும் நீலாயிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். குலை வெட்டும் வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வருகிறது. பல இடங்களில் தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய தோட்டத்திலேயே நிற்கிறது. ஆறு வகுப்பையும் கூட்டினால் முப்பது, நாற்பது பிள்ளைகள்தான் தேறுகிறார்கள்.

தாமானில் நடக்கிற தூரத்தில் தேசியப்பள்ளி இருக்கும்போது, ஏழு வயதுப் பிள்ளையை விடியுமுன் எழுப்பி, வேன் ஏற்றி, அந்தத் தோட்டப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமையா?

கடமைதான் என்பவர்களிடம் வலுவான நியாயம் உண்டு. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நிர்வாகங்கள் பெரும்பாலும் ஒரு கொட்டகையோடு நிறுத்திக்கொண்டன. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த காலம் அது. இருட்டோடு பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, மங்கு துடைத்து வந்த கைகள்தாம் அந்தக் கொட்டகைகளைப் பள்ளிகளாக்கின. சுதந்திரம் பெற்ற 1957இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை ஐந்நூற்றுச் சொச்சம். மூடிய பள்ளியைத் திரும்பத் திறப்பது எளிதல்ல.

ஆனால் இந்த நியாயத்தின் முழுப் பாரத்தையும் ஒரு குழந்தையின் முதுகில் ஏற்றலாமா? ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகள் அதற்கு ஒருமுறைதான் கிடைக்கும். பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளியில் இரண்டு வகுப்பை ஓர் ஆசிரியரே ஒரே அறையில் நடத்த நேர்கிறது. பந்து விளையாட ஆள் சேராது. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பெரும்பாலான பாடங்கள் மலாய்மொழிக்கு மாறிவிடும். மலாயில் பின்தங்கியதால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தவர்கள் இல்லாத குடும்பம் தோட்டங்களில் குறைவு. அந்த நினைவை வைத்துக்கொண்டு ஒரு தாய் தயங்கினால், அவளை இனப்பற்று இல்லாதவள் என்று ஏசுவது அநியாயம்.

தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதை மன்னிப்பதற்கில்லை. ‘தோட்டத்துப் பள்ளியா?’ என்று முகம் சுளிக்கும் வெட்கம் அது. அந்த வெட்கத்தால் பள்ளியை மாற்றுகிறவர்கள், பாட்டி மரம் சீவிய வாழ்வு மறைக்க வேண்டிய ஒன்று என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். பேரன் மலாயில் கேட்க, பாட்டி தமிழில் பதில் சொல்ல, சில ஆண்டுகளில் இருவரும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளாத வீடுகள் உருவாகின்றன. எந்தப் பரீட்சையிலும் தெரியாத இழப்பு இது. குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதிலும் நேர்மை வேண்டும். ஷிப்டு வேலை பார்க்கும் தாயிடமும் லாரி ஓட்டும் தந்தையிடமும் தியாகம் கேட்பது சுலபம். மேடையில் தமிழ்ப்பள்ளிக்காக முழங்கிவிட்டுத் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை கிடையாது. காரும் படிப்பும் வருமானமும் உள்ளவர்கள் முதலில் சேர்த்தால் அந்த வகுப்பறை நிறையும். நிறைந்தால் ஆசிரியரும் வசதியும் வரும். அதன் பிறகு ஏழைப் பெற்றோர் தயங்க மாட்டார்கள். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் இருப்பதால் அரசின் முழு உதவி கிடைக்காத பள்ளிகளின் குறையையும் பெற்றோர் தலையில் கட்ட முடியாது. அதை அரசும் நிறுவனமும்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர்கள் அக்கறையோடு கற்பிக்கும் பள்ளி, வேன் போய்வரும் தூரத்தில் இருந்தால், அது எவ்வளவு சிறியதானாலும் அங்கே சேர்ப்பதே சரி. அது இயலாத பெற்றோர் குற்ற உணர்வின்றித் தேசியப்பள்ளிக்கு அனுப்பலாம். அதோடு தமிழைக் கைகழுவிவிடக் கூடாது. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், இயன்றவரை, தேசியப்பள்ளியிலும் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஒரு தாமானில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோரைத் திரட்டுவது பெரிய காரியமல்ல. பள்ளி தொடங்கும் முன்பே அண்டை வீடுகளில் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.