மிகையாக வந்த மூன்று மீட்டர்

அடியும் அங்குலமும் பழகிய ஆஸ்திரேலியா, 1970இல் சட்டம் இயற்றி மீட்டருக்கு மாறத் தொடங்கியது. மாற்றம் அதிகாரபூர்வமாக வந்த கொஞ்ச காலத்திலேயே அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த 44 மாணவர்களிடம், இந்தக் கூடத்தின் அகலம் எத்தனை மீட்டர் இருக்கும் என்று கேட்டார்கள். அதே கூடத்தில் வேறு 69 மாணவர்களிடம் எத்தனை அடி இருக்கும் என்று கேட்டார்கள். டி. லூயிஸ் என்ற பேராசிரியர் திரட்டிய அந்த விடைப்பட்டியல் புள்ளியியல் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக இடம்பெற்றிருக்கிறது. உண்மையான அகலம் 13.1 மீட்டர், அடியில் சொன்னால் 43. அடிக்கணக்கில் சொன்னவர்களின் சராசரி 43.7, கிட்டத்தட்ட உண்மை. மீட்டரில் சொன்னவர்களின் சராசரி 16. இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலா என்று சோதித்து முடித்ததும் புள்ளியியலாளரின் வேலை முடிந்துவிடுகிறது. ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம் என்ற பழைய கேள்வியில் ஆர்வமுள்ளவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். கூடம் ஒன்று, சுவர்கள் அதே சுவர்கள், கண்களும் ஒரே வயதுக் கண்கள். மிகையாக வந்த மூன்று மீட்டர் யார் செய்த பிழை?

கண் செய்த பிழை என்பதே பொதுவான பதில். அது தவறு என்று நினைக்கிறேன். பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் என்ற துறவி சொல்லும் பௌத்த அளவை முறை இந்த இடத்தில் துல்லியமாகப் பொருந்துகிறது. அந்த முறையில் அளவைகள், அதாவது அறிவு பெறும் வழிகள், இரண்டுதான்: காட்சியும் அனுமானமும். அதிலும் காட்சி என்பது வெறும் சுட்டுணர்வு, ஒன்று முன்னே இருக்கிறது என்கிற அளவோடு நின்றுவிடுவது. பெயர், சாதி (அதாவது வகை), குணம், செயல் எல்லாம் காட்சியில் சேராமல் அனுமானத்தின் பக்கம் போய்விடுகின்றன. ஏட்டில் படிக்கும்போது இது தலைமுடியைப் பிளக்கும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் கூடத்து மாணவர்கள் எல்லோரும் கண்டது ஒரே இடைவெளியை. ‘பதினைந்து மீட்டர்’ என்பதை யாரும் காணவில்லை, அதைச் சொன்னார்கள். கண்டதற்கும் சொன்னதற்கும் நடுவில் ஓர் அலகு நுழைந்தது. அது பழகிய அலகாக இருந்தபோது சொல் உண்மையை ஒட்டி விழுந்தது. புதிதாக இருந்தபோது தள்ளி விழுந்தது. பிழை அந்த இடுக்கில் இருக்கிறது.

விடைகளின் பரவலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மீட்டரில் சொன்ன 44 பேரில் எட்டுப் பேர் 15 என்றார்கள், ஆறு பேர் 10 என்றார்கள். உண்மையை ஒட்டிய 13ஐச் சொன்னவர்கள் மூவர்தான். அடியில் சொன்னவர்களில் ஒன்பது பேர் 40 என்றார்கள். 38 என்றோ 39 என்றோ ஒருவர்கூடச் சொல்லவில்லை. கூடத்தின் சுவருக்குப் பத்து, பதினைந்து, நாற்பது என்ற எண்களின் மேல் தனிப் பிரியம் எதுவும் இருக்க முடியாது. எண்ணிப் பழகிய மனத்துக்கு உண்டு. இங்கே பார்வை மட்டும் பேசியிருந்தால் விடைகள் இப்படி ஐந்து, பத்தின் மடங்குகளில் குவிந்திருக்காது.

இரண்டு குழுவிலும் இருந்தவர்கள் வேறு வேறு மாணவர்களாயிற்றே, வேறுபாடு ஆட்களால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரே மாணவரிடம் இரண்டு அலகிலும் கேட்டிருந்தால் சான்று இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்களே காரணம் என்றால், ஒரு குழுவின் கண்கள் மட்டும் இடைவெளிகளை ஐந்தில் ஒரு பங்கு நீட்டிப் பார்த்தன என்று கொள்ள வேண்டியிருக்கும். அதை நம்புவதைவிட, புது அலகு கைக்கு வரவில்லை என்று நம்புவது எளிது. இன்னொரு மறுப்பு பிரமைகளைப் பற்றியது. 1889இல் முல்லர்-லயர் வரைந்து காட்டிய அம்புமுனைக் கோடுகள் சம நீளமாக இருந்தும் ஒன்று நெடிதாகத் தெரிகிறது. அங்கே கண்தானே ஏமாற்றுகிறது? ஆம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோடுகளை அளந்து பார்த்த பிறகும் அவை அப்படியேதான் தெரியும், அறிவு அந்தத் தோற்றத்தைத் தொடுவதில்லை. மீட்டரில் வந்த பிழை பழக்கத்தால் கரைந்துபோகிற வகை. திருத்தத்தால் கரையும் பிழையையும் கரையாத பிழையையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபிலிருந்து வரும். பெயரும் வகையும் கலந்த அறிவும் காட்சியே, ‘இது பசு’ என்று காண்பதும் காண்பதுதான் என்பது நையாயிகர் வாதம். தேர்ந்த தச்சர் பலகையைப் பார்த்ததும் மூன்றடி என்கிறார். நடுவில் எந்த அனுமானமும் நடந்ததாக அவருக்கே தெரியாது. உண்மைதான். ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? பல்லாயிரம் முறை சொல்லி, அளந்து, தவறென்று கண்டு, மாற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. அனுமானம் இல்லாமல் போகவில்லை, பழகிப் பழகித் தடம் மறைந்திருக்கிறது. ஓர் அறிவு சரி என்பது அந்த அறிவுக்குள்ளிருந்தே விளங்காது, அதை நம்பிச் செய்த செயல் பலித்ததா என்பதால்தான் விளங்கும் என்று, அறிவு தனக்குத் தானே சாட்சி என்ற மீமாம்சகரோடு வழக்காடியவர்கள் இதே நையாயிகர்கள். தச்சரின் கண் அவர்களுடைய அந்த வாதத்துக்கே சாட்சி.

பலர் சேர்ந்து சொன்னால் உண்மை கிட்டும் என்ற எண்ணம் சமய விவாதங்களிலும் அடிக்கடி தலைகாட்டும். அதற்கு ஆதரவாகப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டனின் எருதைக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி எடையை ஊகித்து எழுதிய 787 சீட்டுகளை ஆராய்ந்து, 1907இல் அவர் முடிவை வெளியிட்டார். வரிசையின் நடுவில் நின்ற மதிப்பு 1207 பவுண்டு. உண்மை எடை 1198. வியப்புதான். ஆனால் ஊகித்தவர்களில் பவுண்டும் மாடும் தினசரி விஷயமாக இருந்த விவசாயிகளும் கசாப்புக்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் கூட்டியும் மற்றவர் குறைத்தும் சொன்னால் சராசரி அவற்றை ஒன்றுக்கொன்று அடித்துக் கழித்துவிடும். பெரும்பாலோர் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் சேர்ந்தே சாயும். மீட்டர் குழு அப்படிச் சாய்ந்தது; இன்னும் நானூறு பேரைச் சேர்த்திருந்தாலும் 16 என்பது 13 ஆகியிராது, 16 என்பதில் உறுதி மட்டும் கூடியிருக்கும். மணிமேகலையின் 27ஆம் காதையில், அளவைகள் இரண்டுக்கு மேல் உண்டு என்னும் பௌத்தமல்லாத வாதி ஒருவர், ஐதிகம் (வழிவழிப் பேச்சு) என்ற அளவைக்குத் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்ற ஊர்ப்பேச்சு. ஊரில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதால் மரத்தைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது, ஊரைப் பற்றி நிறையத் தெரியும்.

அப்படியானால் அளவுநாடா மட்டும் என்ன உயர்வு, அதையும் கண்ணால்தானே படிக்கிறோம், இது முடிவில்லாமல் பின்னோக்கிப் போகாதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. நாடா பிழையற்றது என்பது என் வாதமல்ல. அது கண்ணிடம் கேட்பது மிகக் குறைவு. பதின்மூன்று மீட்டரை மனத்தில் விரித்துப் பார்க்கச் சொல்லாமல், இந்தக் கோடும் அந்தச் சுவர் விளிம்பும் ஒன்றிவிட்டனவா என்று மட்டும் கேட்கிறது. அறவண அடிகளின் சுட்டுணர்வுக்கு மிக அருகில் வரும் கேள்வி அது. அங்கே கண்ணை நம்பலாம் என்பதற்கு, நாடா பிடித்த பத்துப் பேரின் விடைகள் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதே போதும்.

பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்குப் புள்ளியியல் பாடவேலையாக, கோடுகளின் நீளத்தை ஊகிக்கச் சொல்லி, வயதில் மூத்தவர்கள் இளையவர்களைவிடச் சரியாகச் சொல்கிறார்களா என்று ஆராயவைத்த காலம் உண்டு. வயதைக் குறித்துக்கொண்டார்கள், சில வேளை ஆணா பெண்ணா என்பதையும் குறித்துக்கொண்டார்கள். ஊகித்த பிள்ளை அதற்கு முன் எந்த அலகில், எத்தனை முறை, சொன்ன உடனே அளந்து திருத்திக்கொண்டது என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு பத்தி இருந்திருந்தால், வயதைப் பற்றிய முடிவுகளில் பாதி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.