மருத்துவர் நாவலாசிரியராகும்போது: காக்க வேண்டிய சொல்லும் புனைந்த சொல்லும்

ஒரே ஊரில் பல்லாண்டு காலம் குடும்ப மருத்துவராக இருந்த ஒருவர், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் நாவல் எழுத அமர்ந்தால், அவர் எழுதும் கதை யாருக்கு உரியது என்னும் வினா, மேலோட்டமாக இலக்கியத் திறனாய்வைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், அடிப்படையில் அறவியலையும் சமயத்தையும் சார்ந்ததாகும். குடும்ப மருத்துவர் என்பவர் ஓர் உறுப்பை மட்டும் ஆராயும் சிறப்பு மருத்துவர் அல்லர். பாட்டியின் மூச்சிரைப்புக்கும் பேரனின் காய்ச்சலுக்கும் மருமகளின் தூக்கமின்மைக்கும் முதலில் அழைக்கப்படுபவர். ஆகவே, நோயோடு சேர்த்து வீட்டையும் அறிந்தவர். தலைவலி என்று சொல்லி உட்கார்ந்த பெண், மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு, எழுந்து கதவுவரை சென்று, அங்கே கைப்பிடியைப் பற்றியபடி திரும்பி நின்று, உண்மையில் சொல்ல வந்ததை அப்போதுதான் சொல்வாள் என்பது இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த செய்தி. கணவனிடமோ பூசாரியிடமோ உடன்பிறந்தாளிடமோ சொல்லாத அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் நினைவில் தங்கிவிடுகிறது. கம்பவுண்டர் எழுதிவைத்த பேரேட்டில் அதற்கு இடமில்லை.

அந்த வாக்கியத்தை என்ன செய்வது என்பது குறித்து மருத்துவ அறம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசியுள்ளது. சரக சம்ஹிதையின் விமானஸ்தானம், அதாவது மருத்துவக் கல்வியின் நெறிகளையும் அளவைகளையும் கூறும் பகுதி, மாணவனுக்கு ஆசிரியர் விதிக்கும் உறுதிமொழியில், நோயாளியின் வீட்டில் கண்ட நடப்புகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கட்டளையிடுகிறது. நோயாளியின் வாழ்நாள் குறைந்துவருவதை மருத்துவர் அறிந்திருந்தாலும், அதைச் சொல்வதால் அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேருமானால் சொல்லலாகாது என்றும் அதே பகுதி எச்சரிக்கிறது. இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட நடத்தை விதிகள், நீதிமன்ற ஆணை, பிறருக்கு நேரக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவை தவிர வேறு எதற்காகவும் தொழில்வழி அறிந்த இரகசியத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி 1948இல் ஏற்கப்பட்டது. நோயாளி இறந்த பின்னரும் அவர் ஒப்படைத்த இரகசியம் காக்கப்பட வேண்டும் என்னும் சொற்கள் 1968இல் அதில் சேர்க்கப்பட்டன. நோயாளியின் மரணமே இக்கடமையை முடித்துவைப்பதில்லை என்றால், மருத்துவரின் ஓய்வு அதை முடித்துவைக்கும் என்று கருத வழியே இல்லை.

பெயரை மாற்றிவிட்டால் கடமை தீர்ந்தது என்போர் உண்டு. பெருநகரத்தில் அவ்வாதம் ஓரளவு செல்லுபடியாகலாம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளம் போன்ற ஊரில் அது சிறிதும் நிற்காது. அங்கே ஒருவர் நாவலில் 'தேரடிக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த, மூத்த மகனைப் பறிகொடுத்த மளிகைக்கடைக்காரர்' என்று எழுதினால், பெயர் எதுவானாலும் ஊரார் விரல் சரியான வாசலை நோக்கியே நீளும். சிற்றூரில் பெயரைக் காட்டிலும் உறவும் தெருவும் துக்கமுமே ஒருவருடைய அடையாளம் என்பதால், அடையாளத்தை மறைப்பது என்பது அங்கே வாழ்க்கையையே வேறாகப் புனைவதாகும். இக்கட்டுரை நிலைநாட்ட முற்படும் கருத்து இதுவே: மருத்துவர் அறிந்தவற்றை நினைவுக்குறிப்பாகவோ நோயாளி வரலாறாகவோ எழுதுவதைவிட, முழுமையாகப் புனைந்த நாவலாக எழுதுவதே அறத்துக்கு நெருக்கமானது.

ஓய்வுக்காலத்தில் எழுத்தில் இறங்குவதே தகுமா என்னும் ஐயமும் இதனோடு எழுகிறது. வாழ்வை நான்கு நிலைகளாகப் பகுக்கும் ஆசிரம முறையில் மூன்றாவதான வானப்பிரஸ்தம் என்பது, தோல் சுருங்கி, நரை தோன்றி, பேரப்பிள்ளையைக் கண்டவன் இல்லறக் கடமைகளை விட்டுக் காட்டை நாடுவதாகும். அவ்வளவுகோலின்படி, எழுபதாம் வயதில் புதிய கதைமாந்தர்களைப் படைத்து அவர்களுடைய காதலிலும் கடனிலும் வழக்கிலும் மூழ்குவது, விட்டுவந்த உலகுக்குள் கொல்லைப்புற வழியாகத் திரும்புவதாகவே தோன்றும். ஆனால் தமிழ் மரபின் பார்வை வேறாக இருந்தது. தொல்காப்பியக் கற்பியல், முதுமையில் தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ, அவர்களோடு சேர்ந்திருந்தே சிறந்ததைப் பயிலுவதை இல்வாழ்வின் இறுதிப் பயனாகக் கூறுகிறது. அங்கே காட்டுக்குப் போகும் பேச்சில்லை. திருவரங்குளம் இருக்கும் அதே மாவட்டத்தில் உள்ள ஆவுடையார்கோயில், பழம்பெயரால் திருப்பெருந்துறை, பாண்டியனின் அமைச்சர் ஒருவர் குதிரை வாங்க வந்த இடத்தில் குருவைக் கண்டு பதவியைத் துறந்து மாணிக்கவாசகர் ஆன தலமாகப் போற்றப்படுகிறது. அவர் துறந்தது அதிகாரத்தை. மனித மனத்தின் அலைச்சலை அவர் துறக்கவில்லை, அதையே பாடலின் பொருளாக்கினார். தொழிலைத் துறந்த மருத்துவர் மொழியைப் பற்றுவதற்கு இதைவிட அண்மையான முன்னோடி வேண்டியதில்லை.

கதை யாருடையது என்னும் முதல் வினாவுக்கு, திருவரங்குளத்துக் கோயிலான அரதீர்த்தேசுவரர் ஆலயத்தைப் பற்றி வழங்கும் தலக்கதையொன்று எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. அக்கதையின் ஒரு வடிவத்தில், பொன்னாலான பனங்கனிகள் வேடர் குடியொன்றுக்குக் கிடைக்கின்றன. அவற்றின் மதிப்பு அறியாத அவர்கள் சிறிதளவு தானியத்துக்கு அவற்றை வணிகன் ஒருவனிடம் கொடுத்துவருகின்றனர். மதிப்பு அறிந்த வணிகன் வாய்திறவாமல் சேர்த்துவைக்கிறான். செய்தி சோழ மன்னனிடம் சென்றபின் அப்பொன் கோயில் எழுப்பப் பயன்படுகிறது. அருகில் உள்ள பொற்பனைக்கோட்டையின் பெயரும் இந்தப் பனையோடு இணைத்தே சொல்லப்படுகிறது. சங்ககாலக் கோட்டை எனக் கருதப்படும் அவ்விடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023இல் அகழாய்வு நடத்தியது. தலக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அதில் உள்ள அறச்சிக்கல் மெய்யானது. கதவருகே நின்று தன் வாழ்வின் ஒரு வாக்கியத்தைச் சொன்ன பெண், அதன் எடையை அறியாமலே கொடுத்தாள், பெற்றவர் அறிந்திருந்தார். அறிந்தவர் அதைத் தம் பெயருக்கும் புகழுக்கும் முதலாக்கினால் அவர் அந்த வணிகனே. எவருடைய கனி எதுவென்று பிரித்துக் காட்ட முடியாதபடி, எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக அது மாறுமானால் மட்டுமே கொடுத்தவளுக்குச் செய்த அநீதி நீங்கும். நாவல் அத்தகைய மாற்றத்தைச் செய்ய வல்லது. நூறு வீடுகளில் கண்ட துயரம் நூற்றோராவது வீடொன்றின், எங்கும் இல்லாத ஒரு வீட்டின், துயரமாக வடிவெடுக்கும்போது, அந்நூறில் எவரையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

புதுக்கோட்டை மண் தந்த மருத்துவர் ஒருவரையும் காவிரிக்கரை தந்த மருத்துவர் ஒருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தன்வரலாற்றுக்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்களுக்கான மன்னர் கல்லூரியில் பெண்ணாகச் சேர்ந்து பயின்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தபின், முதுமையில், 1964இல், தம் தன்வரலாற்றை வெளியிட்டார். தம் பிறப்பின் பின்னணியையும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததையும் வெளிப்படச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. ஏனெனில் அத்துயரம் அவருடையது. தன்வரலாறு என்னும் வடிவம் எழுதுபவரின் காயத்தைத் தாங்கும். பிறர் காயத்தைத் தாங்க அதற்குத் தோள் போதாது.

திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயர் கொண்ட லட்சுமி (1921–1987) மற்றொரு வழியில் சென்றவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே ஆனந்த விகடனில் எழுதி அந்த வருவாயால் படிப்பைத் தொடர்ந்தவர் என்பதால், ஓய்வுக்குப்பின் எழுத வந்தவர் என்று அவரைச் சொல்ல இயலாது. 'காஞ்சனையின் கனவு', 'பெண் மனம்' ஆகிய நாவல்கள் இளமையிலேயே அவரைப் புகழ்பெறச் செய்திருந்தன; இரண்டும் திரைப்படங்களாகவும் வந்தன. ஆயினும் 1955இல் திருமணமாகித் தென்னாப்பிரிக்கா சென்று, நெடுங்காலம் அங்கே வாழ்ந்து, 1977இல் தமிழகம் திரும்பியபின் அவர் மீண்டும் நாவலில் ஈடுபட்டது, இக்கட்டுரையின் பொருளுக்கு மிக அருகில் வரும் நிகழ்வு. 1984ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருதைப் பெற்ற 'ஒரு காவிரியைப் போல' அக்காலத்தது; தென்னாப்பிரிக்கத் தமிழர் வாழ்வோடு தொடர்புடையது. மருத்துவர் எழுதிய நாவல் என்பதால் அதில் மருத்துவமனையைத் தேடிச் செல்லும் வாசகர், நோய்க்குறிகளுக்கு மாறாக, வேர்விட்ட மண்ணுக்கும் பிறந்த மண்ணுக்கும் இடையே தவிக்கும் மனிதரையே காண்பார். இதைப் பெருஞ்சிறப்பாகக் கருத வேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி 'மலைக்கொழுந்து' எழுதிய ஈழத்து நந்தி, அதாவது மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், இவ்வகையில் லட்சுமியோடு வைத்து எண்ணத்தக்கவர்.

புனைவு பொய்யல்லவா, உண்மைக்குக் கட்டுப்பட்ட தொழிலில் முதிர்ந்தவர் பொய்யை நாடலாமா என்று கேட்போருக்குத் திருக்குறளின் வாய்மை அதிகாரம் விடை சொல்கிறது. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்வதை வள்ளுவர் வாய்மையின் இலக்கணமாக வைக்கவில்லை. பிறருக்குத் தீங்கு பயவாமையையே வைத்தார். அவ்விலக்கணத்தைக் கொண்டு அளந்தால், ஒரு குடும்பத்தின் கருச்சிதைவையோ தற்கொலை முயற்சியையோ தேதியோடும் தெருவோடும் எழுதும் நினைவுக்குறிப்பு, ஒவ்வொரு சொல்லும் நடந்ததாக இருந்தும், வாய்மையிலிருந்து வழுவியதாகும். எவரையும் புண்படுத்தாமல் அத்துயரத்தின் இயல்பை உணர்த்தும் கற்பனை வாய்மையின்பாற் படும். இம்முடிவு இன்றைய ஆவணப்பற்றுக்கு ஒவ்வாததாக இருக்கலாம். ஆயினும் மருத்துவ அறத்தோடு முழுமையாக ஒத்துப்போவது இதுவே.

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் கடினமான இடையூறு. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணித்துள்ள மலங்கள் மூன்று என்கிறது: உயிரின் அறிவை இருளாக மறைக்கும் ஆணவம், செய்த வினையின் தொடர்ச்சியான கன்மம், உடலுக்கும் உலகுக்கும் முதற்பொருளான மாயை. இவற்றுள் ஆணவம் 'நான் செய்தேன்' என்னும் நினைப்பாக வெளிப்படுவது. மருத்துவத்தொழிலைப் போல அந்நினைப்புக்குத் தீனி போடும் தொழில் வேறில்லை. 'டாக்டர் கைராசிக்காரர், அவர் தொட்டால் போதும்' என்று ஊர் சொல்லும். பிழைத்தவர்கள் பழத்தட்டோடு வந்து காலில் விழுவார்கள். இறந்தவர்கள் வந்து எதுவும் சொல்வதில்லை. இப்படிப் பல ஆண்டுகள் வளர்ந்த மனம் நாவல் எழுதும்போது, தன்னையே நாயகனாக்கி, தன் நோய்க்கணிப்பு ஒவ்வொன்றும் பலித்ததாகக் கதை கட்டும் வாய்ப்பு மிகுதி.

இதற்கு மாற்று மருந்தாக, மருத்துவர் அல்லாத ஒருவர் எழுதிய நாவலைச் சுட்ட வேண்டும். வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்தோபாத்யாய 1953இல் வெளியிட்ட 'ஆரோக்கிய நிகேதனம்' தமிழிலும் வந்து, விரும்பிப் படிக்கப்பட்டது. அதன் நாயகரான முதிய வைத்தியர் ஜீவன் மஷாய் நாடி பிடித்து மரணத்தை முன்னறிபவர். அதை நோயாளியிடம் அறிவித்தும் விடுவதால், புதிய மருத்துவம் கற்ற இளைஞரின் கண்டனத்துக்கு ஆளாகிறார். சரகர் எச்சரித்த அதே இடத்தில்தான் அவர் தடுமாறுகிறார். கணிப்பு சரியாக இருந்தும் சொன்னது சரியா என்பதே நாவல் முழுதும் அவரைத் துரத்தும் கேள்வி. ஆணவம் அடங்கும் இடம் அது: தோற்றதால் வந்த பணிவுக்கும், வென்ற இடத்திலேயே தன் வெற்றியை ஐயுறும் பணிவுக்கும் பெருந்தொலைவு உண்டு. மருத்துவர் எழுதும் நாவலில் மருத்துவப் பாத்திரம் இருந்தே தீரவேண்டுமானால், அது அறியாமல் நிற்கும் ஒரு கட்டமாவது இருக்க வேண்டும். கதவருகே நின்ற பெண்ணின் பார்வையில் அம்மருத்துவர் எப்படித் தோன்றினார் என்பதும் எழுதப்பட வேண்டும். மேசைக்கு அப்பால் இருந்த நாற்காலியில் அமர்ந்து பார்க்க ஒரு மருத்துவரைக் கட்டாயப்படுத்தும் பயிற்சி நாவலைப்போல வேறொன்றில்லை.

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, திருவரங்குளம் என்று சிற்றூர்களிலேயே வாழ்நாளைச் செலவிட்டு இன்று ஓய்வில் இருக்கும் குடும்ப மருத்துவர்கள், ஐம்பதாண்டுக் கால மாற்றத்தை வீட்டுக்குள்ளிருந்தே கண்ட கடைசித் தலைமுறையினர். பெரியம்மை ஒழிந்ததையும், வீட்டுப் பிரசவம் மருத்துவமனைக்கு மாறியதையும், சர்க்கரை நோய் வயல்வரப்பு வரை வந்ததையும் அவர்கள் அருகிருந்து பார்த்தவர்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் பேரேடுகளையும் எரித்துவிடட்டும், அவை பிறருடையவை. பெயர்களையும் தெருக்களையும் மறந்து, மனிதரை மட்டும் நினைவில் இருத்தி, அவர்கள் நாவல் எழுத முன்வர வேண்டும். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிச் சென்று கேட்க வேண்டும்.