நல்லவர் சொன்ன செய்தி

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்லாஹ் சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். நல்லவர் ஒருவர் கொண்டுவந்தால்? சென்ற மாதம் இந்தக் கேள்வி என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

கடியப்பட்டணத்துத் தம்பி ஒருவர், நாகர்கோவிலில் முதுகலை வரலாறு பயில்பவர், தமது ஆய்வுக் கட்டுரையைக் காட்ட வந்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த நாளிலேயே மாலிக் பின் தீனார் (ரஹ்) அவர்கள் வந்து தேங்காய்ப்பட்டணத்துப் பள்ளிவாசலைக் கட்டினார்கள் என்பது அதன் முதல் வரி. ஆதாரமாக ஓர் ஆண்டு மலர், ஒரு நாளிதழ்க் கட்டுரை, ஓர் இணையப் பக்கம்.

"மூன்று சாட்சிகள் இருக்கின்றனவே, ஹஸ்ரத்" என்றார்.

மூவர் அறிவித்தாலும் மூவரும் ஒருவரிடமே கேட்டிருந்தால் அது ஒருவர் அறிவிப்புத்தான் என்பது ஹதீஸ் கலையின் பாலபாடம். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒரே வாசகம், எழுத்துப் பிழைகூட ஒன்றே. மற்ற இரண்டும் மலரிலிருந்து எடுத்தவை. மலரில் எழுதியவன் எவன் தெரியுமா? நானேதான். பத்தாண்டுகளுக்கு முன், ஒரு பெரியவர் சொல்லக் கேட்டு, எந்த நூலையும் புரட்டாமல் எழுதியது.

வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் காலத்தைக் கணக்கிடச் சொன்னேன். பஸராவின் மாலிக் பின் தீனார் ஒரு தாபிஈ. ஹிஜ்ரி 130ஐ ஒட்டி மறைந்தவர்கள். தாபிஈ என்போர் நபிகளாரைக் காணாத, அவர்களின் தோழர்களைக் கண்ட தலைமுறையினர். மதரஸாச் சிறுவனும் அறிந்தது இது. எழுதும்போது எனக்குத்தான் நினைவில் வரவில்லை! அதே பெயருடைய வேறொருவராக இருக்கலாமே என்றார் தம்பி. இருக்கலாம். அதற்கும் ஆதாரம் வேண்டும்.

பின்னர் பொன்னானி ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலை எடுத்துக் கொடுத்தேன். 16ஆம் நூற்றாண்டில், போர்ச்சுக்கீசியரின் கொடுமையில் மலபார் முஸ்லிம்கள் துடித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது. தம் மக்களுக்குப் பெருமையூட்டும் பழமை எவருக்கேனும் தேவைப்பட்டிருந்தால் அவருக்கே தேவைப்பட்டிருக்கும். அவரோ, மலபார் மன்னர் இஸ்லாத்தைத் தழுவிய செய்தியையும் மாலிக் பின் தீனார் கூட்டத்தார் பள்ளிகள் கட்டிய செய்தியையும் சொல்லிவிட்டு, இவை நபிகளார் காலத்தில் நடந்தன என்று மக்கள் நம்புவதை ஏற்க மறுக்கிறார். திட்டமான ஆண்டு தெரியாது, ஹிஜ்ரி 200க்குப் பிறகே இருக்கக்கூடும் என்பது அவர் முடிவு.

"பெரியவர் பொய் சொல்பவரல்லவே?" என்று தயங்கினார் தம்பி. இல்லைதான். ஆனால் அறிவிப்பாளரிடம் நேர்மையோடு பிழையற்ற நினைவாற்றலையும் இமாம்கள் தேடினார்கள். ஸாலிஹான மனிதர்களே எண்ணாமல் அதிகம் தவறுகிறார்கள் என்ற யஹ்யா அல்கத்தான் (ரஹ்) அவர்களின் கருத்தை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே பதிந்திருக்கிறார்கள். அன்பு மிகுந்தவன் கேட்டதைச் சோதிப்பதில்லை. என் கதையும் அதுவே.

அதற்காக ஊரார் சொல்வதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 'தேங்காய்ப்பட்டணத்து மக்கள் வழிவழியாக இவ்வாறு நம்புகின்றனர்' என்று எழுதினால் அது உண்மை. 'இவ்வாறு நடந்தது' என்று எழுதுவது வேறு.

தம்பி முதல் வரியை மாற்றிக்கொண்டார். மலரில் எழுதியவர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றார் என்று அடிக்குறிப்பு இடலாமா எனக் கேட்டார். என் பெயரோடு இடச் சொன்னேன். மலர் போன வீடுகளுக்கெல்லாம் அந்த அடிக்குறிப்பு போய்ச் சேராது. ஆகவே இங்கும் எழுதுகிறேன்.