சில்லறைத் தட்டு

அமெரிக்காவில் சிலர் வங்கியிலிருந்து காகிதச் சுருளில் கட்டிய காசுகளை வாங்கி வந்து வீட்டில் பிரிப்பார்கள். 1964 வரை அங்கே வெள்ளி கலந்து அடித்த காசு ஏதாவது அகப்படுமா என்று தேடுவார்கள். இங்கே சென்னைப் புழலில் சுருள் கிடையாது, நூறு நூறாய்ப் போட்ட பாலிதீன் பை உண்டு. வெள்ளியும் கிடையாது, கையில் ஓடும் ஒரு ரூபாய் வெறும் எவர்சில்வர்தான். ஆகவே இங்கே இந்தத் தேடல் பணம் பார்க்கும் வேலையல்ல. அது எனக்கு நிம்மதி.

வங்கிப் பையில் பெரும்பாலும் புதுக்காசு, ஒரே ஆண்டு, ஒரே முகம். பல வருஷம் கைமாறிய காசு வேண்டுமென்றால் டீக்கடைக் கல்லாதான். "அண்ணே, நோட்டு தரேன், சில்லறை இருக்குமா?" என்று கேட்டு வாங்கி, பார்த்து முடித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். சில்லறைக்குத் தவிக்கிற ஊரில் அதைப் பதுக்குவது அழகில்லை.

தட்டில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருகிறேன். முதலில் மதிப்புவாரியாக, பிறகு ஆண்டுவாரியாக. கடைசியில் ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னக் குறி. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். சாய்சதுரம் இருந்தால் மும்பை. வட்டப் புள்ளி நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இல்லாததையும் ஒரு குறியாகப் படிக்கக் கண்ணுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். ஆண்டின் கீழ் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது.

சென்னைக்குக் குறி இல்லை, இன்று இங்கே நாணய ஆலையே இல்லை. கம்பெனி காலத்தில் நாணயம் அடித்த ஊர் இது. தங்கசாலையில் இருந்த அந்த ஆலை 19-ஆம் நூற்றாண்டிலேயே மூடிவிட்டது. வள்ளலார் நகர் போகிற பஸ்ஸில் இன்றும் 'மின்ட்' என்றுதான் டிக்கெட் கேட்கிறோம்.

தமிழ் முகங்கள் சில்லறையில் உண்டு. 1995-இல் தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர். 2003 என்று பொறித்த ஐந்து ரூபாயில் காமராசர். 2010-இல் ஆயிரம் ஆண்டு நிறைந்த பெரிய கோயில். எனக்குப் பிடித்தது அண்ணா நூற்றாண்டுக் காசு. மஞ்சள் நிற ஐந்து ரூபாய். அவர் படத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தும் இருக்கிறது. இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே எழுதிவந்த காசில் தமிழ் எழுத்து. மொழிக்காகப் போராடியவர் சட்டைப்பை வழியாக உள்ளே வந்திருக்கிறார். கையெழுத்தின் கோடுகள் முதலில் தேய்கின்றன, அதனால் மங்கலாக இருப்பதையும் நான் ஒதுக்குவதில்லை.

கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பூஜைப் பாத்திரத்துக்கு அது சரி. காசுக்குத் தேய்த்த பளபளப்பு சேதம்தான். சேகரிப்பாளர் யாரும் தொடமாட்டார். தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வருகிற ஆசைவார்த்தை பொய். அப்படிக் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. நாலணாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போயின. எட்டணா சட்டப்படி இன்றும் செல்லும், கடையில் நீட்டித்தான் பாருங்களேன்.

பத்து ரூபாய் கதை இன்னும் வேடிக்கை. கோடு பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று எண்ணி, போலி என்று தள்ளினார்கள். காசில் ரூபாய்க் குறி 2011-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய காசில் எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. உங்களிடம் யாராவது பத்து ரூபாய்க் காசை நீட்டினால் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும்முன் ஆண்டுக்குக் கீழே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.