கிராஷ் ஆனதா? காரணத்தைப் பிடி!

செனாய் விமான நிலைய ஓடுபாதை கண்ணெதிரே தெரிகிறது. சக்கரம் இறக்கியாகிவிட்டது. உயரம் 500 அடி.

திடீரென்று திரை உறைகிறது. என்ஜின் சத்தம் ஒரே இடத்தில் சிக்கி இழுக்கிறது. அடுத்த நொடி விமானமும் இல்லை, ஓடுபாதையும் இல்லை. வெறும் டெஸ்க்டாப்!

இந்த வாரத்தில் இது எத்தனையாவது முறை?

நீ என்ன செய்தாய்? மவுசைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "இந்தக் கம்ப்யூட்டர் இவ்வளவுதான்" என்றாய். "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்றாய்.

நில்! கடைசியாகச் சொன்னாயே, அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்!

கவிழ்ந்தது ஒரு விமான சிமுலேட்டர் மென்பொருள். அதற்கு நீ எதற்கு உன்மீது தீர்ப்பு எழுதுகிறாய்?

"நான் பெக்கோக் என்ற சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?" இதுதானே உன் முதல் சாக்கு?

ஆமாம், பெக்கோக்கில் விமான நிலையம் இல்லை. ரயில் நிலையம் இருக்கிறது. செம்பனைத் தோட்டம் இருக்கிறது. பந்தாங் அருவி இருக்கிறது. அதனால் என்ன?

லண்டனில் ஒருவனுக்குச் சிமுலேட்டர் கிராஷ் ஆனாலும், பெக்கோக்கில் உனக்கு ஆனாலும், அது எழுதி வைக்கும் லாக், அதாவது நிகழ்வுப் பதிவு, ஒன்றுதான். தோட்டத்துப் பிள்ளை என்று உனக்கு ஒரு வரி குறைத்து எழுதுவதில்லை!

அந்த லாக்கை ஒருமுறையாவது திறந்து பார்த்தாயா?

இல்லை. ஏன்? ஆயிரக்கணக்கில் ஆங்கில வரிகள். பார்த்ததும் பயம்.

பயம் இருக்கட்டும். பயந்துகொண்டே திற! ஆயிரம் வரியும் உனக்கு வேண்டாம். நேராகக் கீழே இறங்கு. விழுவதற்குச் சற்று முன் எழுதிய சில வரிகள் போதும்.

எக்ஸ்-பிளேன் வைத்திருக்கிறாயா? அதன் முதன்மை போல்டரிலேயே லாக் கோப்பு கிடக்கிறது. ஒரு பிளகின்தான் காரணம் என்று அது கண்டுகொண்டால், "இந்தப் பிளகினால் கிராஷ் ஆனது" என்று பெயரோடு எழுதி வைக்கும். குற்றவாளியின் பெயர்! இத்தனை நாள் நீ யாரைத் திட்டிக்கொண்டிருந்தாய்?

மறுபடி சிமுலேட்டரைத் திறப்பதற்கு முன் அந்தக் கோப்பை நகல் எடு. அடுத்த ஓட்டத்தில் பழையதன்மேலேயே புதியதை எழுதிவிடும். சாட்சியை உன் கையாலேயே அழிக்காதே!

மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரா? விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திற. எந்த நிமிடம், எந்தக் கோப்பில் விழுந்தது என்று அங்கே இருக்கும். ஆனால் 'என்டிடிஎல்எல்' என்ற பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காதே. அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. பிணம் கிடந்த வீடு அது. கொன்றவன் வெளியூர்க்காரனாக இருக்கலாம்!

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. கிராஷ் ஆன இரவில் நீ என்னென்ன மாற்றுகிறாய்?

கிராபிக்ஸ் டிரைவரை மாற்றுகிறாய். செட்டிங்கைக் குறைக்கிறாய். மூன்று ஆட்-ஆனைத் தூக்குகிறாய். எல்லாம் ஒரே மூச்சில்!

ஓடிவிட்டால்? எதனால் ஓடியது, சொல்! தெரியாது. அடுத்த மாதம் மறுபடி விழுந்தால்? மறுபடி முதலிலிருந்து!

காரணம் தெரியாமல் திருத்துவதற்கு என்ன விலை என்று உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது.

1954 ஜனவரி 10. சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காமெட் ஜெட் விமானம், ரோமிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டார்கள்.

காமெட்டுகள் பறப்பதை நிறுத்தினார்கள். தீயாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். விமானங்களில் பல மாற்றங்களைச் செய்தார்கள். உண்மைக் காரணம் மட்டும் கையில் இல்லை. மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள்.

ஏப்ரல் 8. இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் பக்கம் கடலில் விழுந்தது. 21 பேர்!

அதற்குப் பிறகு ஊகத்தை ஓரம் வைத்தார்கள். இங்கிலாந்தின் பார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். வானத்தில் ஏறி இறங்கும்போது உடல் தாங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அது முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057வது சுற்றில் உடல் பிளந்தது.

உலோகச் சோர்வு! அழுத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உலோகமே களைத்துக் கிழிந்திருக்கிறது. காரணம் கிடைத்தது. அந்தப் பாடத்தின் மேல்தான் பிறகு வந்த ஜெட் விமானங்கள் கட்டப்பட்டன.

உனக்குத் தொட்டி வேண்டாம். பொறுமை இருந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒன்றே ஒன்று!

"என்னிடம் 64 ஆட்-ஆன் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் ஏது?" அடுத்த சாக்கு!

ஒவ்வொன்றாகப் பார்க்க யார் சொன்னது? ஒரு கூட்டத்தையே ஒரு மாற்றமாக எடு!

மைக்ரோசாப்ட் சிமுலேட்டரின் ஆட்-ஆன்கள் கிடக்கும் கம்யூனிட்டி போல்டரில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டு. விழவில்லையா? அப்படியானால் திருடன் வெளியே எடுத்ததற்குள்தான் இருக்கிறான். பாதியை மட்டும், அதாவது 32ஐ, உள்ளே வை. விழுந்தால் அந்த 32ல் இருக்கிறான். விழாவிட்டால் மற்ற 32ல் இருக்கிறான்.

அடுத்து 16. அடுத்து 8. பிறகு 4, 2, 1. பாதி பாதியாகப் பிரிக்க ஆறே சோதனை! ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிகிற வேலைக்கா நீ மாதக்கணக்கில் அழுதாய்?

இரண்டு பாதியுமே தனித்தனியாக ஒழுங்காக ஓடுகிறதா? சோர்ந்து போகாதே. அதுதான் மிகப் பெரிய துப்பு!

தனியாக இருந்தால் சாது, சேர்ந்தால் சண்டை. அப்படி இரண்டு ஆட்-ஆன் உன்னிடம் இருக்கின்றன. கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே இரண்டு சீனரி போட்டு வைத்திருக்கிறாயா, பார். இல்லையென்றால் ஒரு பாதியை உள்ளேயே விட்டுவிடு. மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ, அங்கே நிற்கிறான் ஒருவன். அவனை வைத்து இன்னொருவனைப் பிடி!

"நல்ல கம்ப்யூட்டர் வாங்கக் காசு இல்லை." இதையும் கேட்டுவிட்டேன்!

2006ல் வந்த எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டர் ஒரு 32 பிட் மென்பொருள். 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அதனால் தொடவே முடியாது. 16 ஜிபி ராம் வாங்கிப் போட்டவனுக்கும், கனமான ஆட்-ஆன்களை அடுக்கியதும், 'நினைவகம் போதவில்லை' என்ற அதே செய்திதான் வந்தது!

காசு அங்கே என்ன சாதித்தது? வரம்பு எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டவன் நாலு சீனரியைக் குறைத்தான். பத்திரமாகத் தரை இறங்கினான்.

நோய் தெரியாமல் ரிங்கிட்டைக் கொட்டாதே. முதலில் மூளையைச் செலவழி!

"இது என் துறை இல்லையே" என்கிறாயா? டேவிட் வாரனைக் கேள்!

1925ல் ஆஸ்திரேலியாவின் வடகரையை ஒட்டிய ஓர் ஒதுக்குப்புறத் தீவில் பிறந்தவர். 1934ல், ஒன்பது வயதில், விமான விபத்தில் தகப்பனை இழந்தவர். படித்ததோ வேதியியல். வேலையோ எரிபொருள் ஆராய்ச்சி.

காமெட் விபத்துகளை ஆராய்ந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. கடைசி நிமிடங்களில் விமானிகள் பேசியது ஒரு கருவியில் பதிவாகியிருந்தால்?

மேலதிகாரிகள் ஆர்வம் காட்டவில்லை. உன் வேலை இதுவல்ல என்ற நிலைதான். அவர் விட்டாரா? செய்து காட்டினார்! அதுதான் கறுப்புப் பெட்டி. இன்று ஒவ்வொரு பெரிய பயணி விமானத்திலும் அது இருக்கிறது.

தீவில் பிறந்தவன் கறுப்புப் பெட்டி செய்தான். பெக்கோக்கில் பிறந்த நீ ஒரு லாக் கோப்பைப் படிக்க மாட்டாயா?

தம்பி, தங்கச்சி, ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் சிமுலேட்டரில் நூறு முறை விழுந்தாலும் ஓர் உயிர் போவதில்லை. விழுந்து விழுந்து கற்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

இங்கே கற்கும் வித்தை இங்கேயே நிற்காது. ஊகிக்காமல் சோதிப்பவனை, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பவனை, முடிவை எழுதி வைப்பவனை எந்தப் பட்டறை வேண்டாம் என்று சொல்லும்? எந்த அலுவலகம் திருப்பி அனுப்பும்?

இன்றிரவே உட்கார். ஒரு நோட்டுப் புத்தகம் எடு. மூன்று கட்டம் போடு. தேதி, மாற்றியது என்ன, நடந்தது என்ன.

பத்தாவது சோதனையும் தோற்றதா? பத்துக் காரணங்கள் பட்டியலை விட்டு வெளியேறின என்று எழுது. பதினோராவதைத் தொடங்கு!

ரீஇன்ஸ்டால் பட்டனிலிருந்து கையை எடு. காரணம் இல்லாமல் எந்த மென்பொருளும் விழுவதில்லை. தேடுகிறவனுக்கு அது அகப்படாமல் போவதும் அரிது. தொடங்கு!