தேரடியில் யாருக்கு இடம்?

பழைய ஊர் ஒன்றின் பொதுவெளியைச் சீரமைக்கும்போது, அங்கே ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருப்பவரை அப்புறப்படுத்துவது அறமாகுமா? விருத்தாசலம் போன்ற கோயில் ஊர்களில் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் எந்தத் திட்டமும் தீட்ட முடியாது. பழமலைநாதர் கோயிலின் சன்னதியும் சுற்று வீதிகளும் மணிமுத்தாற்றங்கரையும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் முற்றம். மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் அங்கே ஓடுகின்றன. முன்னோருக்குத் திதி கொடுக்க ஆற்றங்கரையில் கூட்டம் சேர்கிறது. மற்ற நாட்களில் பூக்கூடையும் காய்கறிக் கடையும் தள்ளுவண்டியும் அந்த இடத்தை உயிரோடு வைத்திருக்கின்றன.

சீரமைப்பு வேண்டும் என்பவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நடக்க இடமில்லாத வீதியிலிருந்து முதலில் விலகிக்கொள்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் சக்கர நாற்காலியில் வருபவர்களும்தான். கழிப்பறை இல்லாத கடைவீதியில் நாள் முழுதும் உட்காரும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சாலைமேல் சாலை போட்டு மட்டம் ஏறினால், மழைநீர் பழைய வீடுகளின் வாசற்படியைத் தாண்டுகிறது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர்மீது மின்கம்பி உரசி 11 பேர் இறந்தார்கள். உயர்ந்திருந்த சாலை மட்டமும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இருப்பது இருந்தபடியே கிடக்கட்டும் என்பது இரக்கம்போலத் தோன்றலாம். ஆனால் அதற்கும் யாரோ சிலர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்கல், சீரமைப்பு தொடங்கும் விதத்தில் இருக்கிறது. முதல் நாள் வேலை பெரும்பாலும் ஆக்கிரமிப்பு அகற்றம்தான். நம் நகராட்சிகள் பலவற்றில் தரைக்கடைகளிடம் தினக் கட்டணம் வசூலிக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. குத்தகைதாரர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறார். குத்தகைப் பணம் நகராட்சிக் கணக்கில் சேர்கிறது. நேற்றுவரை வாடகை வாங்கிவிட்டு இன்று அத்துமீறி உட்கார்ந்தாய் என்று சொல்வது நாணயமல்ல. தெருவில் வியாபாரம் செய்வதும் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உரிமையே என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னும் தெளிவானது: கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது, இடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும்.

ஆனால் நடைமுறை வேறு வழியில் போனதற்கு உதாரணங்கள் உண்டு. ஹம்பியில் விருபாட்சர் கோயிலுக்கு முன்னுள்ள தேர்வீதியின் கல்மண்டபங்களில் பல குடும்பங்கள் குடியிருந்தும் கடை வைத்தும் வாழ்ந்தன. 2011 ஜூலையில் அந்தக் குடியிருப்புகளும் கடைகளும் இடித்து அகற்றப்பட்டன. மண்டபங்களுக்குச் சேதம் வந்தது என்ற அரசுத் தரப்பு வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் சந்தையாகவே கட்டப்பட்ட வீதி, சந்தை இல்லாத வீதியாகக் காக்கப்பட்டது. மொராக்கோவின் மராகேஷ் நகரில் உள்ள ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தை 2001-இல் யுனெஸ்கோ சிறப்பித்தபோது அளவுகோல் நேர்மாறாக இருந்தது. அங்கே மதிக்கப்பட்டவை கட்டடங்கள் அல்ல. கதைசொல்லிகளும் இசைக்காரர்களும் வந்து கூடும் வழக்கம்தான். சென்னை பாண்டி பஜாரிலோ, 2019-இல் நடைபாதை வளாகம் திறக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடைபாதை வியாபாரிகள் மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். மாற்றிடம் கொடுத்தது நல்லதுதான். ஆனால் நடந்துபோகிற வழியில் கண்ணில் பட்டு விற்கும் பொருளை வாங்க யாரும் படியேறிப் போவதில்லை. ஆட்கள் நடமாட்டம் இல்லாத இடத்தை மாற்றிடம் என்று கணக்கில் எழுதலாமே தவிர, அது பிழைப்பாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, தெருவில் இருப்பவரெல்லாம் ஒரே நிலையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தக் கடையைப் பத்தடி முன்னே இழுத்துத் தகரக் கொட்டகை போட்டவரும், சாக்கு விரித்து முருங்கைக்காய் விற்கும் மூதாட்டியும் ஒரே பட்டியலில் வரக் கூடாது. நடைமுறையில் மூதாட்டியின் கூடைதான் முதலில் லாரியில் ஏறுகிறது. தகரக் கொட்டகை சில நாளில் திரும்பி வந்துவிடுகிறது. அதே சன்னதி வீதி பூக்காரிக்குப் பிழைப்பு, வண்டி நிறுத்துபவருக்கு வசதி, படம் எடுப்பவருக்குக் காட்சி. மூன்றும் மோதும்போது பிழைப்பு முன்னே நிற்க வேண்டும். காட்சிக்கு வருபவர் வேறு ஊருக்கும் போகலாம். பூக்காரிக்குச் சாமி இருக்கும் வாசல்தான் கதி.

பழமையை மீட்போம் என்பவர்கள் எந்தப் பழமை என்றும் சொல்ல வேண்டும். 1924-25-இல் கேரளத்தின் வைக்கத்தில் போராட்டம் நடந்தது ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் அதற்காகச் சிறை சென்றார். கோயில் வீதி எல்லோருக்கும் பொதுவாக இருந்த பொற்காலம் ஒன்று பின்னால் இல்லை. ஆகவே பழைய கல்லையும் பழைய அகலத்தையும் மீட்கலாம். பழைய விலக்கை, தோற்றத்தைக் காரணம் காட்டி வேறு உருவில் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

விருத்தாசலத்துக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் சூளைகளும் அந்த ஊரின் அடையாளம். அழகுபடுத்தக் கிளம்புபவருக்கு அங்கே பீங்கான் ஓடு பதித்த வளைவும் ரவுண்டானாவில் பெரிய பொம்மையும் உடனே தோன்றும். மெருகேற்றிய ஓடு மழையில் வழுக்கும், வெயிலில் வெறுங்காலைச் சுடும் என்பது ஒரு பக்கம். அந்தப் பொம்மையைச் செய்தவருக்கு அந்த முற்றத்தில் என்ன இடம் என்பது அதைவிட முக்கியம். நவராத்திரிக்கு முன் கொலுப் பொம்மைகளையும் கார்த்திகைக்கு முன் அகல் விளக்குகளையும் தொழிலாளர் குடும்பங்களே நேரில் விற்க, நிழலோடு சில வாரங்கள் இடம் ஒதுக்கினால் வளைவைவிட அது ஊருக்குப் பெருமை. தொழிலைக் கொண்டாடிவிட்டுத் தொழிலாளியை ஓரம் கட்டுவது வெறும் ஒப்பனை.

அப்படியானால் வரிசை எளியது. முதலில் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அவர்களைக் கேட்க வேண்டும். பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சாமியிடமே எழுத்தில் பிராது கட்டும் மக்களுக்கு, நகராட்சியிடம் முறையிட ஓர் இடமாவது வேண்டாமா? வேலை நடக்கும் மாதங்களில் உட்கார அருகிலேயே இடம் தர வேண்டும். முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வியாபாரிகளுக்கும் கடமை உண்டு: தேர் திரும்பும் முனையையும் நடப்பவர் வழியையும் விட்டு, அளந்து கொடுத்த கோட்டுக்குள் நிற்பது.

இப்படிச் செய்தால் வேலை தாமதமாகும். வரைபடத்தில் தெரிந்த அளவுக்கு வீதி துப்புரவாகவும் இராது. அந்தக் குறையை ஊர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கல்லுக்கும் விளக்குக்கும் அளவு குறிக்கும் முன் பூக்காரியின் நான்கடிக்கு அளவு குறிக்கட்டும். மிஞ்சும் இடத்தில் எவ்வளவு அழகு முடியுமோ அவ்வளவும் செய்யலாம்.